ஆடியில் சிவந்த இரண்டு குருவிகள்

கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் என் மனைவி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம், திருச்சியிலிருந்து மழையில் நனைந்துகொண்டே சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து, கீழ உத்தர வீதியில் நாங்கள் குடியிருந்த போர்ஷனுக்குள் நுழைகிறேன், உள்ளே சிரிப்புச் சத்தம். அவள்தான். கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மூங்கில் கூண்டு தொங்கியது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, இங்கே வந்து பாருங்கோ! ஜீயபுரத்து அத்தான் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனார். ரெண்டும் ஜோடியாம். சிவப்பா இருக்கறது ஆண், மண் நிறமா இருக்கறது பெட்டை."

சிவப்புச் சில்லை என்று சொல்வார்கள். சிட்டுக்குருவியில் பாதி இருக்கும். ஆற்றோரத்து நாணலிலும் வயல் வரப்புப் புல்லிலும் கூட்டமாகத் திரிகிற ஜாதி. ஆணின் உடம்பு முழுக்க ரத்தச் சிவப்பு. அதன் மேல் கோலமாவைக் கிள்ளித் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பெட்டைக்கு அலகும் வாலடியும் மட்டும்தான் சிவப்பு, மற்றதெல்லாம் சாதாரண மண் நிறம். இரண்டும் குச்சியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"தினையும் சாமையும் போட்டாப் போறும்னு அத்தான் சொன்னார். குளிக்க ஒரு கிண்ணத்துல ஜலம் வைக்கணும்னு அத்தான் சொன்னார். வெயில்ல வைக்கக்கூடாதுன்னு..."

"அத்தான் சொன்னாரா?" என்றேன்.

அவள் சட்டென்று நிறுத்திவிட்டு, துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தலையைத் துவட்டிக்கோங்கோ" என்றாள். சிரிப்பு போய்விட்டது.

யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. நான் அப்போது திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதிகம் பேசுகிற சுபாவம் இல்லை. அத்தான் என்றால் அவளுடைய அத்தை பிள்ளை. வாய்க்கால் ஓவர்சியர் உத்தியோகம். ஜீயபுரம் பக்கத்துக் கரைகளில் எல்லாம் குடையும் கையுமாக நடந்துகொண்டே இருப்பார். என்னைவிட ஒரு சாண் உயரம். பிரசவத்தில் மனைவியைப் பறிகொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு முதலில் இவளைத்தான் பேசினார்களாம். ஜாதகம் பொருந்தவில்லையாம். இதை என் மாமியார், கல்யாணத்துக்கு மூன்றாம் நாள், எனக்குச் சாதம் பரிமாறிக்கொண்டே, வீட்டில் மோர் புளித்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அன்றைக்கு அந்தச் சொல் எனக்குள்ளே விழுந்தது. அது அங்கேயே கிடந்தது.

குருவிகள் வந்த பிறகு அத்தானுக்கு எங்கள் வீட்டுக்கு வர ஒரு காரணம் கிடைத்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தரம், வேலையாக டவுனுக்கு வருகிறபோது, மடியில் கோரைப்புல் விதைக் கதிர்களைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். கூண்டின் முன்னால் உதட்டைக் குவித்துச் சன்னமாகச் சீட்டி அடிப்பார். உடனே ஆண் குருவி கழுத்தை நீட்டிக்கொண்டு பதில் சொல்லும். என் மனைவி கைகொட்டுவாள். அதே சீட்டியை நான் யாரும் இல்லாத சமயம் அடித்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. குருவிகள் என் பக்கம் திரும்பவில்லை.

சாப்பிட உட்கார்ந்தால் அவள் என்னைப் பார்த்து, "போறுமா?" என்று கேட்பாள். அவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்?" என்பாள். இதை நான் மூன்று தடவை கவனித்தேன். நான்காவது தடவை கவனிக்க வேண்டும் என்றே உட்கார்ந்திருந்தேன். அன்றும் அப்படித்தான் கேட்டாள். ரசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன்.

"இதுகளை நீங்க வரையுங்கோளேன்" என்று அவள் ஒருநாள் கேட்டாள். என்னிடம் ஏதாவது வேண்டும் என்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கலர் கலந்து வரைந்தேன். நன்றாகவே வந்தது. ஆணின் சிறகில் இருந்த பெரிய பெரிய புள்ளிகளை ஒன்று விடாமல் வைத்தேன். பெட்டையின் சிறகில் நாலைந்து சின்னப் புள்ளிகள்தான், அவற்றையும் வைத்தேன். அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "உசிரோட இருக்கு" என்றாள். எனக்குக் காது மடல் சூடாயிற்று. அடுத்த வார்த்தை, "அத்தான்கிட்டக் காட்டணும்."

தை பிறந்ததும் ஆண் மங்க ஆரம்பித்தது. முதலில் மார்பில் சிவப்பு திட்டுத் திட்டாக வெளுத்தது. பிறகு முதுகு. மாசி கடைசியில் இரண்டும் ஒரே மண் நிறம். பங்குனியில் அலகுகூடக் கறுத்துவிட்டது. எது எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. எனக்கு இதில் உள்ளூர ஒரு சந்தோஷம். டவுனில் குருவி விற்பவர்கள் சாயம் பூசி ஏமாற்றுவது உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"உன் அத்தான் சாயம் போட்ட குருவியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கார்" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த முறை அவர் வந்தபோது அவரிடமே சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "மாப்பிள்ளே, இதுகள் வெயில் காலத்துல இப்படித்தான். ஆடியில பாருங்கோ. ஆண் திரும்பவும் சிவக்கும். சிவக்கலேன்னா நான் உங்காத்துப் பக்கமே வரலை" என்றார்.

பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குருவி சிவக்கக்கூடாது. அவர் சொன்னது பொய்யாகப் போக வேண்டும். அதுவும் அவள் கண் முன்னாலேயே. ராட்டினம் மாதிரி இதே நினைப்பு, வகுப்பில் பையன்களுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுக்கும்போதும் கூட.

சித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அவளுடைய அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து, அவள் இரண்டு நாளைக்குப் பிறந்தகத்துக்கு, ஜீயபுரம் போனாள். போகும்போது கூண்டைக் காட்டி, "தினை தீர்ந்திருக்கான்னு உமியை ஊதிப் பார்த்துட்டுப் போடுங்கோ. உமி மேல கிடந்தா இருக்கற மாதிரியே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜீயபுரத்தில் அவர் இருப்பார். அதை நினைத்துக்கொண்டே ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் பாலக்கரைப் பக்கம் போனேன். அங்கே தெருவோரத்தில் ஒரு பாய் கூடைகளில் குருவி வைத்து விற்பார். ஒரு கூடை நிறையச் சில்லைகள், எல்லாம் மண் நிறம்.

"எனக்குப் பெட்டை ஒண்ணு வேணும். பெட்டைதான் வேணும்."

"ஜோடியா எடுத்துக்கங்க சார்."

"பெட்டை ஒண்ணு போதும்."

அவர் கூடைக்குள் கையை விட்டு, ஒன்றைப் பிடித்து, இறகை ஊதிப் பார்த்தார். "இது சுத்தமான பெட்டைங்க. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க" என்றார். அவருக்கும் தெரியவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அந்த மாதத்தில் யாருக்கும் அவ்வளவு சுலபமாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கூண்டின் முன்னால் நின்றேன். இரண்டு குருவிகள். ஆணை எடுத்துவிட்டு இந்தப் பெட்டையை வைத்தால் ஆடியில் எதுவும் சிவக்காது. இதில் எது ஆண்? ஒன்று எப்போதும் தீனிக் கிண்ணத்துக்கு முதலில் வரும். மற்றதைக் கொத்தித் தள்ளும். என் மனைவி கதிரை நீட்டினால் அதுதான் கம்பி இடுக்கு வழியாக அவள் விரலைத் தொட்டுத் தின்னும். அவள் அதனிடம்தான் பேசுவாள், காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்ததும் முதலில் அதற்குத்தான் குரல் கொடுப்பாள். அத்தான் கொடுத்த சிவப்புக் குருவி அல்லாமல் வேறு எதை அவள் இப்படிக் கொஞ்சுவாள்? எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆணைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு, அவள் அதிகம் பிரியம் வைத்திருந்ததைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதைப் பிடித்துக் கைக்குட்டையில் சுற்றினேன். புதிதாக வாங்கியதைக் கூண்டில் விட்டேன். திரும்பிப் பாயிடம் கொண்டுபோய்க் கொடுக்க மனசு வரவில்லை, ஊரில் யார் மூலமாகவாவது வீட்டுக்கே திரும்பி வந்துவிடுமோ என்று பயம். வடக்கு வாசல் வழியாகக் கொள்ளிடக் கரைக்குப் போனேன். ஆற்றில் மணல்தான். நடுவில் ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர். கைக்குட்டையைப் பிரித்தேன். அது உடனே பறக்கவில்லை. உள்ளங்கையில் உட்கார்ந்து, ஏதோ தீனி கொடுக்கப்போகிறேன் என்பது மாதிரி என்னைப் பார்த்தது. கையை உதறினேன். நாணல் பக்கம் போயிற்று. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு உற்சாகமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வழியில் நின்று வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அவள் மறுநாள் திரும்பி வந்தாள். பையை வைத்துவிட்டு நேரே கூண்டுக்குப் போய்க் கதிரை நீட்டினாள். இரண்டும் பின்வாங்கிப் போய் மூலையில் உட்கார்ந்தன.

"ஏன்னா, இது என் கைக்கு வரமாட்டேங்கறதே."

"ரெண்டு நாள் நீ இல்லையோல்லியோ. மறந்துபோயிருக்கும்."

"ரெண்டு நாள்லயா?"

அவள் கையை நீட்டியபடியே வெகுநேரம் நின்றாள். அன்றைக்கும் நின்றாள், அடுத்த நாளும் நின்றாள். "நான் போயிருக்கக்கூடாது" என்றாள். ஒரு வாரம் கழித்து அடுக்களையில் முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்தும், ஆடி வரட்டும் என்று இருந்தேன்.

ஆடி வந்தது. பதினெட்டாம் பெருக்கன்று புளியோதரை, தத்தியோன்னம் எல்லாம் கட்டிக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போய்விட்டு வந்தோம். காவேரி இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு வந்ததும் அவள் கூண்டைப் பார்த்து, "ஐயோ!" என்று கத்தினாள். ஒரு குருவியின் மார்பில் குங்குமத்தை விரலால் சுண்டின மாதிரி நாலு சிவப்புப் பொட்டு.

"சிவக்கறது! அத்தான் சொன்னார் பாருங்கோ! அத்தான் சொன்ன மாதிரியே ஆயிடுத்து!"

என்னைக் கண்டால் இன்னும் மிரளுகிற புதிது அல்ல, சிவக்கிறது பழைய குருவி. நான் பெட்டை என்று நினைத்துக் கூண்டிலேயே விட்டுவைத்த குருவி. அப்படியானால் கொள்ளிடத்தில் விட்டது? அன்று முழுதும் அவள் வாயில் பாட்டு ஓயவில்லை. நான் அவளுடைய சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்காமல் மாடவீதியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

அத்தோடு போகவில்லை. ஒரு வாரத்தில் இரண்டாவது குருவிக்கும் முதுகில் சிவப்பு துளிர்த்தது. பாலக்கரைப் பாயின் சுத்தமான பெட்டை. பதினைந்து நாளில் கூண்டில் இரண்டு சிவப்பு ஆண்கள். சேர்ந்து உட்காருவது போய்விட்டது. ஒன்றை ஒன்று துரத்தித் துரத்திக் கொத்தின. தரையெல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு இறகு.

அவள் இறகுகளைப் பெருக்கி எடுத்தாள். கூண்டின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நான் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது நீங்க வரைஞ்சதுதானே?"

"ஆமாம்."

"இதுல ஒண்ணுதான் சிவப்பு. இன்னொண்ணு எங்கே?"

"பெட்டையும் சில சமயம் சிவக்குமோ என்னவோ..."

"இந்தச் சிறகைப் பாருங்கோ. நாலே நாலு புள்ளி. நீங்கதான் போட்டிருக்கேள். அங்கே இருக்கற ரெண்டுக்கும் பெரிய பெரிய புள்ளி. என் பெட்டை எங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிவப்பு போனாலும் சிறகுப் புள்ளி போவதில்லை. ஆணுக்குப் பெரிது, பெட்டைக்குச் சிறிதாக நாலைந்து. வெயில் காலத்தில் எது எது என்று கண்டுபிடிக்க அந்த ஒன்று போதும். என் கையே அதை எனக்கு வரைந்து வைத்திருந்தது. அன்றைக்குக் கூண்டின் முன்னால் நின்றபோது படத்தை ஒரு தரம் எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இதைவிடக் கேவலமாக எனக்கு இன்னொன்று தோன்றியது. அவள் கொஞ்சியது அத்தானின் சிவப்புக் குருவியையே அல்ல. மண் நிறத்துப் பெட்டையை.

"முகத்தைப் பார்த்தாலே தெரியறது" என்றாள். "சொல்லுங்கோ."

சொன்னேன். ஜீயபுரம் போன இரண்டு நாள், பாலக்கரை, கைக்குட்டை, கொள்ளிடம். ஏன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் திட்டவில்லை, அழவில்லை. படத்தை நாலாக மடிக்கப் போனாள். பிறகு மடிக்காமல் கீழே வைத்தாள்.

"எங்கே விட்டேளோ அங்கே அழைச்சுண்டு போங்கோ."

சாயங்கால வெயிலில் இருவரும் நடந்து போனோம். சித்திரையில் மணலாகக் கிடந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. நான் நின்ற இடமே தண்ணீருக்குள் இருந்தது. மேட்டில் மிஞ்சின நாணலில் சில்லைக் கூட்டம் ஒன்று இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது ஐம்பது இருக்கும். அவள் கரை ஓரம் வரைக்கும் போய், காலையில் கூப்பிடுவது போல நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். கூட்டம் எழும்பியது, திரும்பியது, அக்கரைப் பக்கம் போயிற்று. அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

திரும்பி வரும்போது சொன்னாள்: "உங்களுக்கு அத்தான் மேல கோபம்னா அவரைக் கேட்டிருக்கலாம். என்மேலன்னா என்னைக் கேட்டிருக்கலாம். வாயில்லாத ஜீவனைப் போய்... மூணு மாசம் நான் என்னையே திட்டிண்டிருந்தேன். பார்த்துண்டே இருந்தேளே."

பத்து நாள் அவள் எனக்குச் சாதம் போட்டாள், துணி மடித்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு ஆண் குருவிகளையும் தனித்தனிக் கூண்டில் பிரித்து வைத்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்ட வேலை ஓய்ந்து, ஆவணியில்தான் அத்தான் வந்தார். செருப்பை விடும்போதே, "என்ன மாப்பிள்ளே, சிவந்துதா?" என்று குரல். உள்ளே வந்தவர் இரண்டு கூண்டைப் பார்த்தார், இரண்டு சிவப்பைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"பெட்டை எங்கேடி?"

என் மனைவி காபியை ஆற்றிக்கொண்டே, "பறந்துபோயிடுத்து அத்தான். நான்தான் கதவைச் சரியா மூடலை. இவர் துணைக்கு ஒண்ணு வாங்கிண்டு வந்தார், அதுவும் ஆணாப் போயிடுத்து" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது தெரிந்தது. அதில்கூட, அவர் முன்னால் என்னைப் பார்த்து இரங்குகிறாளே என்று எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் எழுந்து நின்று, "அவ மூடாம விடலை. நான்தான் கொண்டுபோய் விட்டேன்" என்றேன். ஆரம்பித்துவிட்டதால் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை.

"என்மேலயா பொறாமை?" என்றார். "என்னைப் பார்த்தா?" கூண்டைக் காட்டிச் சொன்னார்: "மாப்பிள்ளே, நானா இந்தக் குருவியைக் கொண்டுவரலை. உங்க மாமியார்தான் கேட்டா. பொண்ணு லெட்டர் போட்டிருக்கா, ஆத்துல பேச மனுஷா இல்லை, சாயங்காலமானா அவர் காகிதத்தை எடுத்துண்டு உட்கார்ந்துடறார்னு எழுதியிருக்கா, நீ போய் ஏதாவது பண்ணுடான்னா. எனக்கு என்ன பண்ணத் தெரியும்? கரையில இது கிடைச்சுது, கொண்டுவந்தேன்."

என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவர் குடையை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனேன். "எனக்குச் சாயங்காலம் பேச யாரும் கிடையாது, தெரியுமோ?" என்றார். "உங்களுக்கு ஆள் இருக்கு." அவ்வளவுதான். போய்விட்டார். அப்புறம் ஐந்தாறு மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். குறையக்கூட இல்லை. அவரிடம் தோற்றுவிட்டேன் என்ற எண்ணம் சேர்ந்துகொண்டது. ஆனால் பெட்டை ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்தேன். சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் பாலக்கரை. பாய் கூடையைத் திறந்து வைப்பார், நான் முழங்காலிட்டு உட்கார்ந்து சிறகு சிறகாகப் பார்ப்பேன். மழைக்காலத்தில் சிவப்பு இல்லாததை எல்லாம் பெட்டை என்று எடுத்துவிடவும் முடியாது, அந்த வருஷம் பொரித்த ஆண் குஞ்சும் மண் நிறம்தான். வளர்ந்த பெட்டைக்கு வாலடி சிவந்திருக்கும், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் கறுப்பாக மை தீட்டினது போல் இருக்கும், தொண்டை வெளுத்து, வயிறு லேசாக மஞ்சளோடும். இதெல்லாம் எனக்கு மெள்ள மெள்ளப் பிடிபட்டது. பாய் தம்மிடம் வருகிறவர்களிடம், "சார் வர்ற வரைக்கும் இருங்க, அவரு பாத்துச் சொல்லிருவாரு" என்று சொல்லும் அளவுக்கு ஆயிற்று.

ஐப்பசியில் ஒரு பெட்டையைக் கொண்டுவந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். "பெட்டைதான்" என்றாள். கதிரை நீட்டவில்லை. அத்தான் கொடுத்த ஆணோடு அதைச் சேர்த்து விட்டோம், மற்ற ஆணைப் பாயிடமே திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, நான் வரைந்துகொண்டிருந்தபோது, "ஏன்னா" என்று மெல்லிய குரலில் கூப்பிட்டாள். பெட்டை அவள் விரலிலிருந்து தினை கொத்திக்கொண்டிருந்தது. பென்சிலைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அன்றைக்குப் பேச ஆரம்பித்தோம். ஸ்கூல் கதை, பக்கத்து போர்ஷன் கதை, எதையாவது. எனக்குப் பேச வரும் என்று எனக்கே தெரியாது.

தையில் பெட்டை, கூண்டுக்குள் நாங்கள் கட்டிவிட்ட கொட்டாங்கச்சிக்குள் புல்லைத் திணித்து நாலு முட்டை இட்டது. குஞ்சு பொரித்ததும் தினை மட்டும் போதாது, பூச்சி வேண்டும். பள்ளிக்கூடத்து வேலியோரம் கரையான் புற்றைக் கிளறி, டப்பாவில் போட்டுக்கொண்டு வருவேன். டிராயிங் மாஸ்டர் புற்றைத் தோண்டுகிறார் என்று பையன்கள் சிரித்தார்கள். மூன்று குஞ்சு பிழைத்தது.

வைகாசியில் அத்தானுக்கு இரண்டாம் கல்யாணம், ஜீயபுரத்திலேயே. எங்கள் வீட்டில் பொரித்ததில் ஒரு ஜோடியைக் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுப்பது என்று என் மனைவிதான் முடிவு செய்தாள். சிறகைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தவன் நான். பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கும், துறுதுறுவென்று இருந்தாள். கூண்டைக் கையில் வாங்கியதும் உதட்டைக் குவித்துச் சீட்டி அடித்தாள். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியாடி, உனக்கு வராத சீட்டி இவளுக்கு முதல் நாளே வரது" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் இருவரும் மாட்டுவண்டியில் திரும்பினோம். வாழைத் தோட்டமும் வயலுமாக வந்துகொண்டே இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"தலையை வலிக்கிறதா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை." கொஞ்ச தூரம் போனபின், "பெரியவா முன்னாடி புதுப் பொண்ணு சீட்டியா அடிப்பா?" என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒரு வருஷம் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பழைய இடத்தில் சுருக்கென்றது. கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வண்டி குலுங்கியபோது அவள் விழாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவும் இல்லை.

இன்னும் ஒரு மைல் போயிருப்போம்.

"ஏன்னா, எது ஆண், எது பெட்டைன்னு அவகிட்டச் சொன்னேளோ?"

"அவளும் கேட்கலை, நானும் சொல்லலை."

"அத்தானுக்குச் சிறகுப் புள்ளி விஷயம் தெரியுமோ?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். அவருக்குச் சிவப்பு மட்டும்தான் தெரியும்."

"அப்போ எது எதுன்னு தெரியாம ஆடிவரைக்கும் முழிச்சுண்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு, வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.